ஐவி கேட்ட குளிர்

உறைபனி விழுந்த காலைகளில் ஐவி டீகிளின் வீட்டுக்கு மேலே இருக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு குழி ஆவி விடும். தண்ணீர் கொதிக்கிற கெட்டிலின் மூக்கிலிருந்து வருகிற மாதிரியே இருக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் அந்தக் குழிக்கே கெட்டில் என்று பேர். மவுண்ட் கேம்பியர் சாலையில் பால் வண்டி ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கெட்டில் நல்லாக் கொதிக்குது, கையுறை மாட்டிக்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

எங்களுக்கு ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குளிர்காலம். ஒரு வருடம் அது வந்தும் அந்த ஆவி வரவில்லை. அதைத் திரும்ப வரவழைக்க ஐவி பட்ட பாட்டை அவள் சிநேகிதியான நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஐவி பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மாவுக்கு நெஞ்சுச் சளி. பால் கறக்கவும், வெண்ணெய் கடையவும், அப்பாவுக்கும் தம்பி கிளெமுக்கும் ஆக்கிப் போடவும் வீட்டில் வேறு ஆள் இல்லை. பெனோலாவிலிருந்து ஒருவர் ஞாயிறுதோறும் குதிரையில் வந்து வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். அம்மாவை விட்டு வர முடியாது என்று இவள் சொன்ன பிறகு அவர் வருவது நின்றது. அதைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் பல்லைக் கடித்துப் பார்த்ததெல்லாம் இந்தக் குழி விஷயத்தில்தான்.

அப்பா சாகும்போது வீட்டையும் தோட்டத்தையும் இரண்டு பசுக்களையும் ஐவிக்கு எழுதினார். மேய்ச்சல் நிலம் முழுவதும் கிளெமுக்கு. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல் குகை ஒன்று இருக்கிறது, அதற்கு இரண்டு வாய் என்பதை அவர் யோசிக்கவில்லை. கீழ்வாய் ஐவியின் தோட்டத்துக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது. அதற்கு அவள் மரக்கதவு போட்டிருந்தாள். மேல்வாய் கிளெமின் நிலத்தின் நடுவில் இருக்கிற கெட்டில் குழி. ஒரே குகை, இரண்டு சொந்தக்காரர்கள்.

குகைக்குள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கல் பலகை உண்டு. ஐவி அதில்தான் வெண்ணெய் வைப்பாள். கிளெம் அவளுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்த பிறகும் அங்கேதான் வைத்தாள். "ஃப்ரிட்ஜ்ல வெச்சா வெண்ணெய்ல மீன் வாசனை வருது" என்பாள். கோடையில் அந்தக் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து சில்லென்ற காற்று வந்து கணுக்காலைத் தடவும். குளிர்காலத்தில் அப்படியே தலைகீழ். குகைக்குள் இருக்கும் கொஞ்ச வெப்பமும் மேல்வாய் வழியாக ஆவியாகப் போய்விடும்; அது விட்டுப்போன இடத்தை நிரப்பக் கீழ்வாய் வழியாக வெளிக்குளிர் உள்ளே இழுக்கப்படும். அடுப்பும் புகைபோக்கியும் வேலை செய்கிற விதந்தான். அப்போது வெண்ணெய் கல்லாகிவிடும்.

அந்தக் குளிருக்காகத்தான் வௌவால்கள் வரும். கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம். கோடையெல்லாம் அவை நாரகூர்ட் பக்கம் ஒரு பெரிய குகையில் இருக்கும். அங்கே கூரை குவிந்திருப்பதால் சூடு வெளியே போகாது. தாய்களும் குட்டிகளும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஈஸ்டர் கழிந்து இரவு நீண்டதும் அவை பிரிந்து வந்து இப்படிக் குளிர்ந்த இடமாகத் தேடும். ஐவியின் வெண்ணெய்ப் பலகைக்கு மேலே பாறையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும். உடம்பு பாறையைப் போலச் சில்லிட்டிருக்கும். முடியில் பனித்துளி நிற்கும். ஐவி கதவைத் திறக்கும்போது நானும் குரல் தாழ்த்திப் பேசப் பழகிக்கொண்டேன், கோயிலுக்குள் போகிற மாதிரி.

அந்த வருடம் ஜனவரி மாதக் கோடையில் ஐவி கண் ஆபரேஷனுக்கு அடிலெய்டு போயிருந்தாள். திரும்பி வந்து வெண்ணெயோடு குகைக்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். காலில் காற்று படவில்லை.

மேலே போய்ப் பார்த்தோம். கெட்டிலைக் காணோம். அது இருந்த இடத்தில் அவர்கள் அப்பாவின் பழைய காரின் பின்பக்கம் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கல், மரக்கிளை, சுருட்டிய முள்கம்பி, அதன்மேல் மண். எங்கள் பக்கத்தில் நிலத்தில் குழி விழுந்தால் குடியானவர்கள் செய்வது இதுதான். செத்த ஆடோ ஓடாத வண்டியோ, கையில் இருப்பதைப் போட்டு மூடிவிடுவார்கள்.

கிளெம் தொலைவில் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தான். ஐவி கத்தினாள்.

"டேய், என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"கடா விழுந்திடுச்சு, ஐவி. அந்த மெரினோ கடா. கால்நடை ஷோவில ரிப்பன் வாங்கிச்சே, அது. கழுத்து முறிஞ்சு கிடந்துச்சு."

"அதுக்கு அப்பா காரையா தூக்கிப் போடுவ?"

"அதுல கோழிதான் தூங்கிக்கிட்டிருந்துச்சு. இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆச்சு."

"வௌவால் என்னடா பண்ணும்?"

"அதுங்களுக்குத்தான் உன் கதவு இருக்கே. மேல சந்து விட்டு வெச்சிருக்கியே, அதுல போகட்டும், வரட்டும்."

"நான் வழியைச் சொல்லலடா. காத்து! மேல அடைச்சா கீழ குளிர் இழுக்காது. உள்ள வெதுவெதுன்னு ஆயிடும்."

கிளெம் தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்தான். "வெதுவெதுன்னு இருந்தா நல்லதுதானே? குளிர்காலத்துல யாரு கதவைத் திறந்து போட்டுத் தூங்குறா?"

இந்தக் கேள்வியைத்தான் அந்த வருடம் ஊரில் ஒவ்வொருவரும் அவளிடம் கேட்டார்கள். அவளும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். குளிர்காலத்தில் பூச்சி கிடையாது. வௌவாலுக்கு அதன் உடம்பில் சேர்ந்திருக்கிற கொழுப்புதான் செப்டம்பர் வரைக்கும் சாப்பாடு. உடம்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சாப்பாடு மெதுவாகத் தீரும். வெப்பம் ஏறினால் விழித்துக்கொள்ளும்; விழித்தால் செலவு. வசந்தம் வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு, "இருந்தாலும் பாவம், குளிருமே" என்றார்கள்.

கிளெம் கெட்டவன் இல்லை. ஈஸ்டருக்குள் காரை எடுத்துவிடுகிறேன் என்றான். ஈஸ்டர் வந்தது. ஆடுகளின் பின்பக்கக் கம்பளியை வெட்டுகிற வேலை முடியட்டும் என்றான். முடிந்தது. சனிக்கிழமை ஃபுட்பால் என்றான். அந்த வருடம் எங்கள் ஊர் அணி ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை, அவன் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. பிறகு குட்டி போடுகிற காலம். கடைசியில், "திறந்தா மறுபடியும் கடா விழும். முதல்ல வேலி போடணும். வேலிக்குக் கம்பிவலை வரணும்" என்றான். கம்பிவலைக்கு யாரிடம் சொல்லியிருக்கிறான் என்று கேட்டால், "சொல்லணும்" என்றான்.

இதற்குள் வௌவால்கள் வந்துவிட்டன. பாவம், அவற்றுக்கு என்ன தெரியும்? வழக்கமான இடம் என்று வந்து தொங்கின. ஐவி தினமும் காலையில் கதவைத் திறந்து வெண்ணெயை விரலால் அழுத்திப் பார்ப்பாள். ஜூன் மாதத்தில், வெளியே புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது, விரல் வெண்ணெய்க்குள் இறங்கியது. மேலே பாறையில் சலசலப்பு. தூங்க வேண்டியவை தலையைத் திருப்பிக்கொண்டு, சிறகை நீட்டி மடக்கிக்கொண்டு இருந்தன. ஒரு நாள் பலகையின் கீழே ஒன்று செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் இன்னும் சில.

"இருக்கிற இடத்தை விட்டு வேற எங்கயாவது போகக்கூடாதா?" என்று நான் கேட்டேன்.

"தேடிப் போறதுக்கும் கொழுப்பு வேணுமே" என்றாள் ஐவி.

ஐவி எங்கள் மெதடிஸ்ட் கோயில் பெண்கள் சங்கத்துக்கு வந்தாள். வியாழக்கிழமை மத்தியானம், கோயிலுக்குப் பின்னாலிருக்கும் அறை. தேநீரும் ஸ்கோனும் முடிந்து ஜெபக் குறிப்பு கேட்கிற நேரம். சங்கத் தலைவி மிஸஸ் பார்னிகோட் எங்களில் மிகவும் இளகிய மனசுக்காரர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் சூப்போடு முதலில் போய் நிற்பவர் அவர்தான்.

ஐவி எழுந்து நின்று சொன்னாள். "என் குகையில குளிர் இல்லாம வௌவால் சாகுது. உள்ள குளிர் வரணும்னு ஜெபம் பண்ணுங்க."

யாரோ ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"குளிரா வேணும், ஐவி?" என்றார் மிஸஸ் பார்னிகோட்.

"ஆமா."

"என் முட்டி இருக்கிற இருப்புல குளிர் வேணும்னு கேக்கறதா!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

மிஸஸ் பார்னிகோட் கண்ணை மூடினார். "அன்புள்ள பிதாவே, எங்க சகோதரி ஐவியோட குகையில வாடுற இந்தச் சின்ன ஜீவன்களை நினைச்சருளும். குளிர்ல நடுங்குற அதுங்களுக்கு உம்முடைய அனலைத் தாரும்."

எல்லாரும் ஆமென் சொன்னோம். எனக்கும் வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. ஐவி மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். நாங்கள் நெருப்புக்கும் போர்வைக்கும் வெயிலுக்கும் ஜெபித்துப் பழகியவர்கள். குளிருக்காக எப்படிக் கேட்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை நானும் ஐவியும் கோயிலில் பூ வைத்துவிட்டு வீடு திரும்பியபோது குகைக்கதவு திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம். மண்ணெண்ணெய் வாசனை. மிஸஸ் பார்னிகோட் டார்ச் விளக்கோடு நின்றார். காலடியில் அவர் வீட்டு ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. வெண்ணெய்ப் பலகையில் சங்கத்துப் பெண்கள் பின்னிய கம்பளித் துண்டுகளை வரிசையாக விரித்திருந்தார். வெண்ணெய் வழிந்து கம்பளியில் ஊறியிருந்தது.

மேலே வௌவால்கள் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

"பாரு ஐவி!" என்றார் மிஸஸ் பார்னிகோட், முகமெல்லாம் பூரிப்பாக. "நான் வந்தப்போ செத்த மாதிரி தொங்கிக்கிட்டிருந்துச்சுங்க. இப்ப எப்படிச் சந்தோஷமா விளையாடுது பாரு!"

ஐவி ஹீட்டரை அணைத்து, அந்தச் சூட்டோடேயே பாவாடையால் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தாள். பிறகு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மிஸஸ் பார்னிகோட், குளிர்காலத்துக்குன்னு நீங்க வீட்டுல ஜாம் போட்டு வெச்சிருக்கீங்க. ஒருத்தர் பிரியமா வந்து அத்தனை பாட்டிலையும் ஒரே நாள்ல திறந்து போட்டா எப்படி இருக்கும்?"

"நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?"

"இதுங்க விளையாடலீங்க. இருக்கிறதைத் தின்னு தீர்க்குதுங்க."

மிஸஸ் பார்னிகோட்டின் முகம் சுருங்கிவிட்டது. கம்பளித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். "நாங்க ஜெபம் பண்ணினோமே, ஐவி" என்றார்.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஆண்டவர் கேட்டுட்டாருன்னா?"

அவர் போன பிறகு ஐவி தோட்டத்துக் கல்லில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "கெட்டவங்களா இருந்தா சண்டை போடலாம்" என்றாள். "எல்லாரும் நல்லவங்களா இருக்காங்களே, நான் என்ன செய்ய?"

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து குறடு எடுத்து வந்தாள். காய்கறித் தோட்டத்தைச் சுற்றியிருந்த கம்பிவலையைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் தடுத்துப் பார்த்தேன். "இதை எடுத்தா ஆடு வந்து மேஞ்சிடும், ஐவி."

"கிளெமுக்கு வேலிதானே வேணும்? இந்தா வேலி. இனி என்ன சாக்கு சொல்றான்னு பார்ப்போம்."

இரண்டு பேரும் வலையைச் சுருட்டி உருட்டிக்கொண்டு மேட்டில் ஏறினோம். கம்பங்களையும் அங்கேயே இழுத்துப் போட்டோம். கெட்டிலைச் சுற்றிக் கம்பம் நட்டு வலை கட்டினோம். மூடிக் கிடக்கிற குழிக்கு வேலி. கிளெம் ஃபுட்பால் முடிந்து பிக்கப் வண்டியில் அந்த வழியே வந்தான். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"ரெண்டு கிழவிகளும் என்ன, அப்பா காரு ஓடிப்போயிடும்னு கட்டி வெக்கிறீங்களா?"

"வேலி கேட்டியே. போட்டாச்சு. நாளைக்குச் சங்கிலி கொண்டா."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"திங்கட்கிழமை?"

"பார்க்கலாம்" என்றான் கிளெம். வண்டி போய்விட்டது.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. அவன் ஆடுகள்தான் வந்தன. மேய்ச்சல் நிலத்துக் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தான். வேலியில்லாத தோட்டத்தில் புகுந்து காலிஃப்ளவர், முட்டைக்கோஸ், கீரை எல்லாவற்றையும் வேரோடு தின்றன. ஐவி துடைப்பத்தோடு ஓடிப்போய்ப் பார்க்கும்போது பட்டாணிக் குச்சிகள்தான் நின்றன.

அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல் கிளெம் அக்கா வீட்டுக்கு வந்தான். நானும் இருந்தேன். ஐவி தட்டு வைத்தாள். தட்டில் ஆட்டிறைச்சி மட்டும்.

கிளெம் பாத்திரங்களைத் திறந்து பார்த்தான். "காலிஃப்ளவர் எங்க? வெள்ளை சாஸ் ஊத்திப் பண்ணுவியே."

"உன் ஆட்டுக்குள்ள இருக்கு. அறுக்கிற அன்னைக்கு எடுத்துக்க."

கிளெம் ரொட்டியை எடுத்தான். கத்தி வெண்ணெயில் பட்டதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "என்ன இது, ஜூலை மாசத்துல வெண்ணெய் இப்படி ஓடுது?"

"ஈஸ்டர்லேர்ந்து நான் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ஆரம்பிச்சிட்டியா?"

ஐவி அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "திறந்து பாரு."

உள்ளே செத்த வௌவால்.

"சாப்பிடற இடத்துலயா வெப்ப?"

"கையில எடு, கிளெம். ஒரே ஒரு தடவை எடுத்துப் பாரு. அப்புறம் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளங்கையில் வைத்தான். அப்போது அவன் கட்டைவிரல் தானாக நகர்ந்தது. ஆட்டைப் பிடித்ததும் முதுகெலும்பை அழுத்தி அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் ஊர் ஆட்டுக்காரர்களின் பழக்கம். சந்தையில், கொட்டகையில், கை சும்மா இருக்கிற இடத்தில் எல்லாம் அந்த விரல் அதைச் செய்யும். வௌவாலின் முதுகில் கிளெமின் விரல் ஒருமுறை போய்வந்தது. இடுப்பெலும்பில் நின்றது. மறுபடியும் போய்வந்தது.

"எலும்பும் தோலுமா இருக்கே" என்றான்.

"ஆமா."

"இது குளிர்ல சாகல. பட்டினி."

ஐவி தலையை மட்டும் ஆட்டினாள். இத்தனை மாதம் சொன்னது போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

"வந்தப்போ எப்படி இருந்துச்சு?"

"உருண்டையா. உன் கட்டைவிரல் மாதிரி."

கிளெம் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினான். வறட்சி வருடத்தில் தன் ஆடுகள் நிற்க முடியாமல் விழுந்ததைப் பார்த்தவன் அவன். இறைச்சியைப் பாதியில் விட்டு எழுந்தான். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் டிராக்டரை எடுக்கப் போனான். ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாது என்று நம்புகிறவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

வேலியை ஒரு பக்கம் அவிழ்த்து ஒதுக்கிவிட்டுச் சங்கிலியைக் கட்டி இழுத்தான். காரின் பின்பக்கத் தகடு மட்டும் பிய்ந்துகொண்டு வந்தது. மறுபடி கட்டினான். கதவு வந்தது. மூன்றாவது முறை கூரையும் அதன்மேல் கிடந்த கல்லும் கிளையும் சேர்ந்து வந்தன. முள்கம்பி சுருளைக் கையால் பிடுங்கும்போது அவன் முழங்கை கிழிந்தது. அடியில் எஞ்சினும் சட்டமும் பாறைக்குக் குறுக்கே சிக்கிக்கொண்டிருந்தன. சங்கிலி அறுந்துபோனதுதான் மிச்சம். பொழுது இறங்கியபோது குழியின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு.

"மீதியைப் புதுச் சங்கிலி வந்ததும் எடுத்திடலாம்" என்றான் கிளெம்.

ஐவி வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

அடுத்து உறைபனி விழுந்த காலையில் அவள் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். குழியின் திறந்த பக்கத்திலிருந்து ஆவி வந்தது. முன்பு போல் இல்லை. ஆறிப்போன தேநீரிலிருந்து வருகிற மாதிரி மெல்லிசாக. நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். "பாதிக்கு மட்டும் சொல்லு" என்றாள் ஐவி.

கீழே போய்க் கதவைத் திறந்தோம். கதவுச் சந்து வழியாகக் குளிர் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது; என் பாவாடை ஓரம் அசைந்தது. வௌவால்கள் பழைய இடத்தை விட்டுக் கதவுக்கு இன்னும் பக்கத்தில், தாழ்ந்த மூலைக்கு வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. முன்பைவிடச் சின்னக் கூட்டம். ஒன்றும் அசையவில்லை. ஐவி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தரையில் கிடந்தவற்றை சமையல் ஏப்ரனில் எடுத்து, ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. அதே மேஜை. தோட்டத்தில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. மிஸஸ் பார்னிகோட் கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ்தான் தட்டில் இருந்தது. கிளெம் வெண்ணெயைத் தடவப் பார்த்தான். ரொட்டி நடுவில் கிழிந்தது.

"ஐவி, இது வெண்ணெயா, கல்லா? ரொட்டியெல்லாம் பிய்யுது."

"இது பாதிக் குளிர்தான். எஞ்சின் இன்னும் உள்ளதான் கிடக்கு. அதையும் எடுத்தா கத்தியே உடையும்."

"கம்பளி வெட்டு முடியட்டும்."

ஐவி எழுந்து அலமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தாள். அது காலிதான். அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கிளெம் அதைப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். முழங்கையில் ஆறிவந்த கீறலைச் சொறிந்தான்.

"சரி சரி. திங்கட்கிழமை."

"எந்தத் திங்கட்கிழமைடா?" என்றாள் ஐவி.